ஊதச் சொல்வதற்கும் விதி உண்டு!

வார இறுதி இரவுகளில் சாலைத் திருப்பங்களில் தடுப்புகளை வைத்து, கையடக்கக் கருவி ஒன்றை நீட்டி, 'ஊதுங்கள்' என்று காவலர்கள் சொல்வது நமக்குப் பழகிப்போன காட்சி. அக்கருவி காட்டும் எண் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடியது. அந்த எண்ணைப் பெறும் முறைக்கும் சட்டத்தில் விதிகள் உண்டு என்பது பரவலாக அறியப்படவில்லை. மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டுபவரிடம் எனக்குப் பரிவு ஏதும் இல்லை. ஆனால், வழக்குத் தொடுக்கும் முறை பிசகினால், அதனால் முதலில் பயனடைபவர் உண்மையிலேயே குற்றம் செய்தவர்தான்.

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 185-ஆவது பிரிவின்படி, 100 மில்லி லிட்டர் ரத்தத்தில் 30 மில்லி கிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கும் நிலையில் வாகனம் ஓட்டுவது குற்றம். இங்கிலாந்தில் இந்த வரம்பு 80 மில்லி கிராம் என்பதோடு ஒப்பிட்டால், நமது சட்டம் எவ்வளவு கண்டிப்பானது என்பது புரியும். முதல் குற்றத்துக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுமுறை பிடிபட்டால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது ரூ.15,000 அபராதம், அல்லது இரண்டும். 2019 திருத்தத்துக்கு முன்பு முதல் குற்றத்துக்கான அபராதம் ரூ.2,000-ஆகவே இருந்தது. தலைக்கவசம் அணியாததற்குச் செலுத்துவதைப் போல இந்த அபராதத்தைச் சாலையிலேயே செலுத்தி முடித்துக்கொள்ள சட்டத்தில் வழியில்லை. நீதிமன்றத்துக்குச் சென்றே ஆக வேண்டும்.

தண்டனையைப் பற்றிப் பேசும் அளவுக்கு 202, 203, 204 ஆகிய பிரிவுகளைப் பற்றி நாம் பேசுவதில்லை. சீருடையில் உள்ள காவல் அதிகாரி, ஓட்டுநர் மது அருந்தியிருக்கிறார் எனச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் சுவாசப் பரிசோதனை கோரலாம். கருவி ஆல்கஹாலைக் காட்டினால் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். அவ்வாறு கைதானவரை இரண்டு மணி நேரத்துக்குள் பதிவு பெற்ற மருத்துவரின் பரிசோதனைக்கு உட்படுத்த வேண்டும்; தவறினால் காவலிலிருந்து விடுவிக்க வேண்டும் என்கிறது 202-ஆவது பிரிவு. கைதானவர் பெண்ணாகவும் மருத்துவர் ஆணாகவும் இருந்தால், மற்றொரு பெண்ணின் முன்னிலையில்தான் ரத்த மாதிரி எடுக்க வேண்டும்.

இந்த இரண்டு மணி நேரக் கெடு குற்றம் சாட்டப்பட்டவருக்கான சலுகை எனக் காவல் துறையில் சிலர் கருதுகிறார்கள். உண்மையில் அது சாட்சியத்துக்கான பாதுகாப்பும்கூட. மனித உடல் மணிக்கு ஏறத்தாழ 15 முதல் 20 மில்லி கிராம் என்ற அளவில் ரத்தத்திலுள்ள ஆல்கஹாலைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது. பிடிபடும்போது 60 மில்லி கிராம் இருந்தவர், இரண்டு மணி நேரத்தில் வரம்புக்குக் கீழே இறங்கிவிடக்கூடும். அதன் பிறகு எடுக்கப்படும் ரத்த மாதிரி குற்றவாளிக்கே சாட்சி சொல்லும்.

கருவியும் பிழை செய்யக்கூடியதே. அது ரத்தத்தை அளப்பதில்லை. மூச்சில் உள்ள ஆல்கஹாலைக் கொண்டு ரத்தத்தில் உள்ள அளவைக் கணிக்கிறது. ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவத்தைச் சற்று முன்பு பயன்படுத்தியவரின் வாயில் எஞ்சியிருக்கும் ஆவி, உண்மையைவிட அதிகமான அளவைக் காட்டிவிடும். பதினைந்து நிமிடங்கள் காத்திருந்து மீண்டும் ஊதச் செய்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒவ்வொருவரையும் சோதிக்கும் முன்பு கருவி பூஜ்யத்தைக் காட்டுகிறதா எனப் பார்ப்பது அடிப்படை நடைமுறை. அப்படிப் பூஜ்யத்தைக் காட்டாத கருவியின் அளவீட்டை நம்பித் தொடுக்கப்பட்ட வழக்கை 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

கருவியே வேண்டாம், வாடை போதும் என்று இருந்துவிடவும் முடியாது. வாயில் மது வாடை, தள்ளாட்டம், குழறிய பேச்சு, விரிந்த கண்மணி ஆகியவை மட்டுமே ஒருவர் குடித்திருந்தார் என்பதற்கு ஐயமற்ற சான்றாகா என 1971-இலேயே பச்சுபாய் ஹசன் அலி கார்யானி வழக்கில் உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால், காப்பீட்டு விவகாரம் வேறு. ரத்தப் பரிசோதனை இல்லாவிட்டாலும், பிற சூழ்நிலைச் சான்றுகளைக் கொண்டு ஓட்டுநர் போதையில் இருந்ததைக் காப்பீட்டு நிறுவனம் நிறுவி இழப்பீட்டை மறுக்கலாம் என 2021-இல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்ற வழக்கில் தப்பியவர், சேதமடைந்த வாகனத்துக்கான தொகையை இழக்க நேரலாம்.

ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்ற நம்பிக்கை ஒன்று மது அருந்துவோரிடையே உலவுகிறது. தக்க காரணமின்றி மறுப்பதை அரசுத் தரப்புக்கு வலுசேர்க்கும் சூழ்நிலையாக நீதிமன்றம் கொள்ளலாம் என்கிறது 205-ஆவது பிரிவு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தப்படாத அரசியல் சாசன உரிமையும் இங்கு துணைக்கு வராது. உடலிலிருந்து பெறப்படும் தடயங்கள் அந்த உரிமைக்குள் அடங்கா என்பதே 1961-ஆம் ஆண்டின் காத்தி காலு ஓகட் தீர்ப்பு வகுத்த வழி.

வாகனத்தைப் பறித்துக்கொண்டு ஓட்டுநரை நடக்கவிடும் வழக்கமும் கேள்விக்குரியது. ஓட்டுநர் உரிமத்தைக் கைப்பற்றி, உரிய ஒப்புகை வழங்கி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்பச் சட்டம் இடமளிக்கிறது. மது அருந்தியதற்காக மட்டும் வாகனத்தைப் பறிமுதல் செய்ய அதிகாரம் இல்லை என 2021-இல் தெலங்கானா உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. மது அருந்தாத உறவினரோ நண்பரோ வந்தால் அவரிடம் வாகனத்தை ஒப்படைக்க வேண்டும்.

2022-இல் சென்னைப் போக்குவரத்துக் காவல் துறை, உடன் பயணிப்பவர் மீதும் குற்றத்துக்கு உடந்தை என்ற பிரிவில் வழக்குப் பதியப்படும் என்றது. பின்னிருக்கையில் அமர்ந்திருந்ததாலேயே ஒருவர் உடந்தையாகிவிட மாட்டார். தூண்டியதையோ தெரிந்தே உதவியதையோ காட்ட வேண்டும். 2003 முதல் டாஸ்மாக் வாயிலாகச் சில்லறை மது விற்பனையைத் தானே நடத்தும் அரசு, தள்ளாடியபடி வெளியே வருபவர் வாகனத்தை எடுக்கும்வரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

சோதனை அளவைக் காட்டும் அச்சுத்தாளின் ஒரு படியை அங்கேயே ஓட்டுநரிடம் தருவதும், கருவி கடைசியாக எப்போது சரிபார்க்கப்பட்டது என்பதை அதில் குறிப்பிடுவதும் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. நான் பார்த்தவரை, நீதித்துறை நடுவர் மன்றங்களில் இவ்வழக்குகளில் வருபவர்களில் பலர், தம்மீதான ஆவணத்தைப் படித்துக்கூடப் பார்க்காமல் வரிசையில் நின்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டுச் செல்கிறார்கள். அந்த ஒப்புதல் ஒரு தண்டனைப் பதிவு என்பதையும், மறுமுறை சிக்கினால் 2 ஆண்டு சிறைக்கு அதுவே அடிப்படை என்பதையும் யாரும் அவர்களிடம் சொல்வதில்லை. காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி பெற 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வழிசெய்திருக்கிறது. அபராதம் கட்டும் வரிசைக்கு அருகிலேயே சட்ட உதவி வழக்குரைஞர் ஒருவரை அமர்த்துவதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.