மிளகு வீதியில் ஒரு மிதிவண்டி



பிரான்சு நாட்டில் பர்கண்டி என்றொரு பகுதி உண்டு. அங்கே போன் என்னும் பழைய நகரிலிருந்து தெற்கே சாந்தனே என்னும் சிற்றூர் வரையில், திராட்சைத் தோட்டங்களின் ஊடே சைக்கிளில் செல்வதற்கென்று ஒரு பாதை அமைத்திருக்கின்றனர். பயணிகள் ஓர் ஊரில் பழைய தேவாலயத்தைக் காண்பர். அடுத்த ஊரில் நிலவறையில் இறங்கி மதுவைச் சுவைப்பர். இடையே பொம்மார் என்றோர் ஊர் வரும். அவ்வூரில் விளைந்த மதுவின் புட்டியிலும் பொம்மார் என்றே எழுதியிருக்கும். ஊர்ப்பெயரை வேற்றூரார் எடுத்தாளாதபடி 1935-இல் அந்நாட்டார் சட்டமும் செய்துகொண்டனர்.

நம் நாட்டில் அத்தகைய சைக்கிள் யாத்திரைக்கு ஏற்ற இடம் எது என்று எண்ணியபோது நமக்குக் கொச்சியின் மட்டாஞ்சேரி நினைவுக்கு வந்தது. அங்கே தோட்டமும் இல்லை, மலையும் இல்லை. மிளகு விளைவது வயநாட்டிலும் இடுக்கியிலும் உள்ள சரிவுகளில். ஆயினும் அம்மிளகு பல நூற்றாண்டுகள் வந்து தங்கிக் கப்பலேறிய நிலவறை மட்டாஞ்சேரியே ஆகும். 1341-ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்து கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்துபோக, கொச்சியில் கடல்வாய் அகன்று திறந்தது என்பர். வணிகரும் வழிபாட்டிடங்களும் துறையைத் தொடர்ந்து இடம் பெயர்ந்தனர். வெள்ளத்துக்கு மூன்றே ஆண்டுகளுக்குப் பின், 1344-இல், கொச்சங்காடியில் எழுந்த யூதர் ஜெபாலயத்தின் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

எர்ணாகுளத்திலிருந்து படகேறி, கோட்டைக் கொச்சியில் இறங்கி, வாடகைக்குச் சைக்கிள் ஒன்று பெற்றோம். அதன் பிரேக் சற்றே மந்தமானது என்பதைக் கல்வத்தி வாய்க்காற் பாலத்தின் இறக்கத்தில்தான் அறிந்தோம். நல்லவேளையாக அவ்வூரில் வேறு மேடு பள்ளம் இல்லை. பாலத்தைக் கடந்தால் பஜார் ரோடு தொடங்குகிறது. மோட்டாரில் செல்வோர்க்கு இது பத்து நிமிட வழி; நமக்குக் காலைப்பொழுது முழுதும் ஆயிற்று. தெருவின் ஒருபுறம் கடைகள். மறுபுறம் காயலை நோக்கிப் பின்வாயில் திறந்திருக்கும் நீண்ட கட்டடங்கள். இவற்றை மலையாளத்தார் பாண்டிகசாலை என்பர். நம் பண்டகசாலைதான்; ஓர் எழுத்து நீண்டு அங்கே குடியிருக்கிறது. முன்வாயிலில் மாட்டுவண்டியும் பின்வாயிலில் வள்ளமும் நிற்க, இடையே இருந்த முற்றத்தில் மிளகும் சுக்கும் உலர்ந்தன. 2012 முதல் கொச்சியில் நடைபெறும் கலைக் கண்காட்சிக்குப் பின், இவற்றுட் சில ஓவியக் கூடங்களாயின. சிலவற்றில் இன்னும் மூட்டைகள் இருக்கின்றன. எவை எவை என்பதை மூக்கே சொல்லிவிடும். சைக்கிளில் செல்வதன் பயன்களுள் அதுவும் ஒன்று.

இவ்வீதியில் வழங்கும் பெயர்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன. மிளகின் தரங்களுள் ஒன்று 'மலபார் கார்பிள்டு'. மற்றொன்று, பெருமணிகளைத் தெரிந்தெடுத்த 'தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்டு'. கார்பிள்டு என்பதற்கு அகராதியில் 'குளறுபடியான' என்று பொருள் கண்டு மயங்க வேண்டாம். சலித்தல் என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆதலின் புடைத்துச் சலித்த மிளகு என்பதே கருத்து. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் முதலில் இடறிய சொல் இது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் மலபார் என்பது ஒரு கடற்கரை. தலச்சேரி ஒரு துறைமுகம். கொடியை நட்டு, ஏணியிட்டுக் காய் பறித்த மலையூரின் பெயர் இவற்றில் எங்கும் இல்லை. பொம்மார் ஊரானுக்கு வாய்த்த பேறு நம் மிளகு விளைத்தோனுக்கு வாய்க்கவில்லை. கப்பலில் ஏற்றிய இடமே பொருளுக்குப் பெயராயிற்று. அப்படியானால் ஏற்றியவன் பெயராவது நிலைத்ததா? இக்கேள்வியோடுதான் மேற்கொண்டு சைக்கிளை மிதித்தோம்.

மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சு அரண்மனை என்று அழைப்பது வழக்கம். உண்மையில் அதனைக் கட்டியோர் போர்த்துக்கீசியர். 1555-இல் கொச்சி மன்னர் வீரகேரளவர்மருக்கு அளித்தனர். 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக்காரர் செய்தது பழுதுபார்த்த வேலையே. பழுதுபார்த்தவர் பெயர் நிலைத்து, கட்டியவர் பெயர் மறைவதும் உலகில் உண்டு போலும். உள்ளே இராமாயணச் சுவரோவியங்கள் உள்ளன; அவற்றை விவரிக்கத் தனிப் பேச்சே வேண்டும்.

அரண்மனையை அடுத்து 1568-இல் எழுந்த பரதேசி ஜெபாலயம். தரையில் பதித்த சீனத்து நீலவண்ண ஓடுகளைக் காணவே பலரும் வருகின்றனர். நம் உள்ளம் சென்றதோ இச்சமூகத்தார் போற்றிக் காத்த செப்பேடுகளின்பால். ஏறத்தாழக் கி.பி. 1000-இல், சேரமன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்னும் யூத வணிகர் தலைவருக்கு எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கிய சாசனம் அது. எழுத்து வட்டெழுத்து. மொழியோ, மலையாளம் தனிமொழியாகக் கிளைவிடும் பருவத்தது. அச்சில் வந்த அதன் வாசகத்தைத் தமிழறிந்தவர் ஒருவர் பெரும்பாலும் உரையின்றியே படித்துவிடலாம். பகலில் விளக்கு, நடப்பதற்கு விரித்த துணி, பல்லக்கு, குடை, எக்காளம் முதலிய சிறப்புகள் அதில் வருகின்றன. அவற்றினும் நமக்கு இனித்தவை இரண்டு சொற்கள்: உல்கு, துலாக்கூலி. உல்கு என்பது சுங்கம். திருக்குறள் பயின்றார்க்குப் பழகிய சொல்லே. துலாக்கூலி என்பது பொருளை நிறுப்பதற்குக் கொடுக்கும் கட்டணம். இவ்விரண்டும் வேண்டா என்று மன்னன் விலக்களித்தான். பல்லக்கும் குடையும் தெருவில் பிறர் காண்பதற்கு. வணிகனின் இல்லத்தில் விளக்கெரியச் செய்தது துலாக்கூலி விலக்கு.

ஜெபாலயத்தின் மணிக்கூண்டு 1760-இல் எசக்கியேல் ரகபி என்னும் வணிகப் பெருமகன் எழுப்பியது. அரண்மனையை நோக்கிய முகத்தில் மலையாள எண்கள்; ஜெபாலயத்தை நோக்கிய முகத்தில் எபிரேய எழுத்துகள். மன்னருக்கும் தொழ வந்தோருக்கும் அவரவர் எழுத்தில் நேரம் தெரிந்தது. துறையில் மூட்டை சுமந்தோருக்கு நேரத்தைச் சொன்னது வேறொரு பொருள்.

அதனைச் 'சாப்பா' என்பர். உலோகத்தாலான சிறு வில்லை. கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் அன்று இத்தனை பேர் வேண்டும் என்றால், அத்தனை சாப்பாக்களை ஒப்பந்தக்காரரின் ஆட்கள் கொண்டுவருவர். விடியுமுன் கூடி நிற்கும் கூட்டத்தில் அவற்றை வீசி எறிவர். எடுத்தவனுக்கு அன்று வேலை. எடாதவன் வீட்டில் அடுப்பு எரியாது. அண்ணனும் தம்பியும் ஒரே வில்லைக்காக ஒருவர் கையை ஒருவர் மிதித்துக்கொண்டு உருளும் நிலையை எண்ணிப் பாருங்கள். துறைமுகத் தொழிலாளர்க்கு வேலையை ஒழுங்காகப் பங்கிட வேண்டும் என்று 1948-இலேயே நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் தில்லியிலிருந்து மட்டாஞ்சேரிக் கரையை அடைய நெடுநாளாயிற்று. தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். 1953-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15-ஆம் நாள் போலீசார் சுட்டனர். சைது, சைதலவி, ஆண்டனி என்னும் மூவர் அப்போராட்டத்தில் உயிர் நீத்தனர். கே. எம். சிதம்பரன் இதனை நாடகமாக்கினார்; 2023-இல் 'துறமுகம்' என்னும் பெயரில் திரைப்படமாகவும் வந்தது. சாப்பா முறை பின்னர் ஒழிந்தது.

படகுத்துறையருகே சைக்கிளை நிறுத்தி நீரை நோக்கினோம். எதிரே வெல்லிங்டன் தீவு. 1920-இல் வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, கடல்வாயை அடைத்திருந்த மணல்மேட்டை வெட்டி, காயலடி மண்ணைத் தூர்த்து உண்டாக்கிய நிலம் அது. 1928-இல் பெருங்கப்பல்கள் உள்ளே நுழைந்தன. துறைமுகம் தீவுக்குச் சென்றது. 1957-இல் தொடங்கிய மிளகு வணிகர் சங்கத்து மண்டபத்தில் விலை கூவும் ஆரவாரம் மட்டும் இக்கரையில் நெடுங்காலம் எஞ்சியிருந்தது. கணினி வந்தபின் அதுவும் அடங்கிவிட்டது.

வெயில் சாய்ந்தபின் மேற்கே வெளி என்னும் பகுதிக்குத் திரும்பினோம். அங்கே தமிழ் கேட்டது. டச்சுப் படையினரின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து வருவிக்கப்பட்ட வண்ணார் சமூகத்தாரின் வழித்தோன்றல்கள் இன்றும் இங்கே அத்தொழிலைச் செய்கின்றனர். குளங்களில் வெளுத்துவந்த இவர்களுக்கு 1976-இல் கொச்சி வளர்ச்சிக் கழகம் இப்போதுள்ள சலவைக்கூடத்தை அமைத்துக் கொடுத்தது. தனித்தனித் தொட்டி, தனித்தனிக் கல். பின்னே பரந்த திடலில் கொடிக்கயிறுகள். இரண்டு புரியாக முறுக்கிய கயிற்றின் இடையே துணியின் முனையைச் செருகிவிடுகிறார்கள். காற்று எத்துணை வீசினாலும் கழன்றுவிடுவதில்லை. டச்சுக்காரர் போய், ஆங்கிலேயர் போய், இப்போது விடுதிகளின் விரிப்புகளும் மருத்துவமனைகளின் துணிகளும் அக்கயிற்றில் ஆடுகின்றன.

முதியவர் ஒருவர் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். "ஐயாவுக்கு எந்த ஊரு?" என்று நம்மை வினவினார். சொன்னோம். "உங்கள் ஊர் எது, பெரியவரே?" என்று நாம் திருப்பிக் கேட்டபோது, சிறிது யோசித்து, "இதுதான்" என்றார். அவருடைய முன்னோர் எவ்வூரினர் என்பது அவர் வீட்டிலேயே மறந்துபோயிருந்தது. அருகே குவிந்திருந்த துணிகளில் ஒன்றை எடுத்துப் பார்த்தோம். ஓரத்தில் அழியாத மையில் சிறு குறி ஒன்று இருந்தது: ஒரு கோடு, இரண்டு புள்ளி. இது யாருடையது என்று கேட்டோம். அவர் நிமிர்ந்தும் பாராமல், விடுதியின் பெயரையும், அதனை வெளுத்தவர் பெயரையும், அவர் வேலை செய்யும் தொட்டியையும் சொன்னார்.

சைக்கிளைத் திருப்பித் தரவேண்டிய நேரம் கடந்துவிட்டது. கடைக்காரர் அரைமணிக்கு அதிகக் கூலி கேட்டார். பிரேக்கைக் காட்டி அதனைத் தள்ளுபடி செய்துகொண்டோம்.