150 பேர் நிற்கிற பப்பிலிருந்து வருகிற ஆல்பங்கள்: பிரிட்டிஷ் பேண்டுகளை ஏன் இன்னும் கேட்கிறோம்?

2025 ஜனவரியில் கோல்ட்பிளே இந்தியா வந்தபோது டிக்கெட்டுக்காக ஆன்லைன் வரிசையில் காத்திருந்தவர்களில் நீங்களும் ஒருவரா? நவி மும்பையில் மூன்று நாள், அகமதாபாத் நரேந்திர மோடி மைதானத்தில் இரண்டு நாள். டிக்கெட் கிடைக்காதவர்கள் ஜனவரி 26 நிகழ்ச்சியை ஹாட்ஸ்டார் நேரலையில் பார்த்து மனசைத் தேத்திக்கிட்டாங்க. அதே வருஷம் ஜூன் மாதம் பல்ப், 24 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு புது ஆல்பம் வெளியிட்டது. ஜூலை 4 அன்று கார்டிஃபில் ஒயாசிஸ் மீண்டும் மேடை ஏறியது.

இதையெல்லாம் பார்த்தால் பிரிட்டிஷ் பேண்ட் என்றாலே 90-களின் பழைய நினைவு வியாபாரம்தான் என்று தோன்றலாம். ஆனால் கடந்த ஐந்தாறு ஆண்டுகளில் இசை ரசிகர்கள் ஒருத்தருக்கொருத்தர் 'இதைக் கேட்டியா' என்று கைமாற்றிக்கொண்ட ஆல்பங்களில் பல, ரொம்பச் சின்ன இடங்களிலிருந்து வந்தவை. அந்த இடங்கள் இப்போது ஒவ்வொன்றாக மூடப்பட்டு வருகின்றன. ரெண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த பேண்டுகள் மேல் இருக்கிற ஈர்ப்பு புரியும்.

விண்ட்மில் என்றால் என்ன?

தெற்கு லண்டனில் பிரிக்ஸ்டன் பகுதியில் இருக்கிற ஒரு பப். பக்கத்தில் நிஜமாகவே 19-ஆம் நூற்றாண்டுக் காற்றாலை ஒன்று உண்டு, பெயர் அதனால் வந்தது. உள்ளே சுமார் 150 பேர் நிற்கலாம். மேடை என்று சொல்வதற்கு ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான்.

பிளாக் மிடி, ஷேம், கோட் கேர்ள், ஸ்குவிட், பிளாக் கண்ட்ரி நியூ ரோட் என்று பலரும் ஆரம்பத்தில் வாசித்துப் பழகிய இடம் இது. நிகழ்ச்சிகளை ஏற்பாடு செய்கிற டிம் பெர்ரி, யூடியூபில் எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று கணக்குப் பார்க்காமல் புது ஆட்களுக்கு மேடை கொடுப்பவர் என்று பெயர் எடுத்தவர். அதனால் இங்கே ஒரு பேண்ட் சொதப்பலாம். அடுத்த மாதம் வேறு மாதிரி வாசித்துப் பார்க்கலாம். பாட்டை மேடையிலேயே மாற்றலாம். ரெக்கார்டிங் ஸ்டுடியோவுக்குப் போகும்போது அந்தப் பாட்டு பத்துப் பதினைந்து முறை ஆட்கள் முன்னால் அடிவாங்கித் தேறியிருக்கும்.

ஸ்டுடியோ பக்கம் டான் கேரி என்ற தயாரிப்பாளரைத் தெரிஞ்சு வெச்சுக்கணும். தெற்கு லண்டனிலேயே ஸ்பீடி வண்டர்கிரவுண்ட் என்ற சின்ன லேபிளை நடத்துகிறார். ஒரே நாளில் பதிவு, மறுநாள் மிக்சிங், மதியச் சாப்பாட்டுக்குக்கூட இடைவேளை கிடையாது, 250 வினைல் பிரதி மட்டும் என்பது அவருடைய சிங்கிள்களுக்கான சட்டம். வீம்பு மாதிரித் தெரியும். ஆனால் மேடையில் இருந்த சூடு ஆறுவதற்குள் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். பிளாக் மிடியின் 'ஷ்லாகன்ஹைம்' (2019), ஸ்குவிடின் 'பிரைட் கிரீன் ஃபீல்ட்' (2021), வைட் தீவிலிருந்து வந்த வெட் லெக்கின் முதல் ஆல்பம் (2022) மூன்றிலும் அவர் கை இருக்கிறது. கடைசியாகச் சொன்னது பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, 2023-இல் கிராமி விருதும் வாங்கியது.

பாடகரே போய்விட்டால்?

இந்தத் தலைமுறையில் ஒரே ஒரு பேண்டின் கதையைத்தான் சொல்ல முடியும் என்றால் நான் பிளாக் கண்ட்ரி நியூ ரோடைத்தான் சொல்வேன். ஏழு பேர். கிட்டார், டிரம்ஸ் கூடவே வயலின், சாக்ஸபோன். 2022 பிப்ரவரி 4 அன்று 'ஆண்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்' என்ற இரண்டாவது ஆல்பம் வரவிருந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜனவரி 31-இல், முதன்மைப் பாடகர் ஐசக் வுட் விலகினார். சண்டை எதுவும் இல்லை. சோகமும் பயமும் கலந்த ஒரு மனநிலை, அதோடு மேடையில் பாடவும் வாசிக்கவும் முடியவில்லை என்று வெளிப்படையாக எழுதிவிட்டுப் போனார்.

ஆல்பம் வந்தது, விமர்சகர்கள் கொண்டாடினார்கள். அதன் கடைசிப் பாட்டு 12 நிமிடத்துக்கும் மேல் நீள்கிறது, ஒரு நிமிஷம்கூட அதிகமாகத் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டுகளை மேடையில் பாட ஆள் இல்லை. இன்னொரு பாடகரைக் கூட்டி வந்து அதே பாட்டுகளைப் பாட வைத்திருக்கலாம். மற்ற ஆறு பேரும் அப்படிச் செய்யவில்லை. பழைய இரண்டு ஆல்பங்களையும் இனி வாசிப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். சில மாதங்களில் முழுக்க முழுக்கப் புதுப் பாட்டுகளை எழுதி அந்தக் கோடையிலேயே மேடை ஏறினார்கள். அவற்றை நேரடி நிகழ்ச்சியாகவே பதிவு செய்து 2023-இல் 'லைவ் அட் புஷ் ஹால்' என்று வெளியிட்டார்கள். 2025 ஏப்ரலில் வந்த 'ஃபாரெவர் ஹவ்லாங்' ஆல்பத்தில் டைலர் ஹைட், ஜார்ஜியா எல்லரி, மே கெர்ஷா என்ற மூன்று பெண்கள் மாறி மாறிப் பாடுகிறார்கள். முதல் ஆல்பத்தைக் கேட்டவர்களுக்கு இது அதே பேண்ட் என்றே நம்பக் கஷ்டமாக இருக்கும்.

தனிப் பாடகர்களின் ஆல்பத்தில் இது நடக்காது. பாடுபவர் போனால் எல்லாம் முடிந்தது. நாலைந்து பேர் ஒரு அறையில் உட்கார்ந்து முடிவெடுத்தால் என்ன வரும் என்பதை இந்த நான்கு ஆல்பங்களையும் வரிசையாகக் கேட்டால் காதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

பிரிட்டனில் மட்டும் ஏன் இத்தனை பேண்ட்?

'அவங்க ஊர்த் தண்ணி அப்படி' என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. இதற்குப் பின்னால் பணமும் நிறுவனங்களும் இருந்திருக்கின்றன.

முதலில் கலைக் கல்லூரிகள். ஜான் லெனன், கீத் ரிச்சர்ட்ஸ், பீட் டவுன்ஷெண்ட், ஃப்ரெடி மெர்க்குரி எல்லோரும் ஓவியக் கல்லூரி வாசல் மிதித்தவர்கள். (மெர்க்குரி அதற்கு முன் படித்தது மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில். பள்ளியிலேயே ஒரு பேண்ட் வைத்திருந்தார்.) அப்போது படிப்புச் செலவை அரசே பெரும்பாலும் பார்த்துக்கொண்டது. 80-களில் தாட்சர் அரசு, வேலையில்லாதவர்கள் சொந்தத் தொழில் தொடங்க வாரம் 40 பவுண்டு கொடுத்தது. ஒயாசிஸைப் பின்னாளில் ஒப்பந்தம் செய்த கிரியேஷன் ரெக்கார்ட்ஸின் ஆலன் மெக்கீ அந்தப் பணத்தில் பயன் பெற்றவர்களில் ஒருவர். 1993-இல் ஒயாசிஸை அவர் கண்டெடுத்ததும் கிளாஸ்கோவில் 300 பேர் கொள்ளும் கிங் டட்ஸ் என்ற சின்ன இடத்தில்தான்.

அடுத்தது பிபிசி. ஜான் பீல் 1967 முதல் 2004-இல் இறக்கும் வரை ரேடியோ 1-இல் யாரும் கேள்விப்படாத பேண்டுகளை ஒலிபரப்பிக்கொண்டே இருந்தார். 2002-இல் வந்த 6 மியூசிக் வானொலியை 2010-இல் மூடப் பார்த்தபோது, நேயர்கள் போராடி நிறுத்தினார்கள். ஒரு வானொலி நிலையத்துக்காக மக்கள் தெருவில் இறங்கினார்கள் என்றால் அந்த ஊரில் இசைக்கு என்ன இடம் என்று பாருங்க.

பிறகு மெர்க்குரி பரிசு. 1992-இல் தொடங்கியது. பிரிட்டன், அயர்லாந்து கலைஞர்களின் ஆல்பங்களில் ஆண்டுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள், எத்தனை விற்றது என்பது கணக்கில்லை. 2005-இல் நம்ம மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தன் அப்பாவின் இயக்கப் பெயரையே தலைப்பாக வைத்த 'அருளர்' ஆல்பத்துக்காக இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது நினைவிருக்கலாம். அடுத்த ஆண்டு வென்றது ஷெஃபீல்டின் ஆர்க்டிக் மங்கீஸ்.

அந்த ஆல்பத்தோடு உச்சரிப்பு விஷயத்தையும் சொல்லணும். அலெக்ஸ் டர்னர் அமெரிக்க ஆங்கிலத்தில் பாடவில்லை, ஷெஃபீல்டில் டாக்ஸிக்கு வரிசையில் நிற்கிறவன் பேசுகிற மாதிரி பாடினார். டிரை கிளீனிங் பேண்டின் ஃப்ளோரன்ஸ் ஷா ஒரு படி மேலே போய், பாடுவதையே விட்டுவிட்டுப் பெரும்பாலும் பேசுகிறார். 'நியூ லாங் லெக்' (2021) கேட்டால் பக்கத்து சீட்டில் யாரோ தனக்குத்தானே பேசிக்கொண்டு வருகிற உணர்வு வரும். எல்லாருக்கும் பிடிக்காது. எனக்கு நாலாவது முறை கேட்டபோதுதான் பிடித்தது.

ஒரு எச்சரிக்கை: ஃபான்டைன்ஸ் டி.சி.-யை இந்தப் பட்டியலில் சேர்த்துவிடாதீங்க. அவர்கள் டப்ளின்காரர்கள். தெற்கே இருந்து வந்த எல்லோரையும் 'மதராசி' என்று கூப்பிட்டால் உங்களுக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான்.

சரி, இப்போது என்ன பிரச்சினை?

2024-இல் மெர்க்குரி பரிசை வென்றது லீட்ஸ் நகரின் இங்கிலீஷ் டீச்சர். ஆமாம், பேண்டின் பெயரே அதுதான். ஆல்பம் 'திஸ் குட் பி டெக்சாஸ்'. லண்டனுக்கு வெளியே இருந்து ஒருவர் வெல்வது பத்து ஆண்டுகளில் அதுவே முதல் முறை. அதே ஆண்டு, அதன் பாடகி லில்லி ஃபான்டைன் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார். விஷயம், சின்ன அரங்குகளின் நெருக்கடியும் அதில் வாசிக்கிற பேண்டுகளின் பிழைப்பும். வெளியே பெயர் வாங்கிய பேண்டுக்கே வாடகை பிரச்சினை என்றால் மற்றவர்களை யோசித்துக்கொள்ளுங்கள்.

மியூசிக் வென்யூ டிரஸ்ட் என்ற தொண்டு அமைப்பின் கணக்குப்படி 2023-இல் மட்டும் 125 சின்ன அரங்குகளில் நேரடி இசை நின்றுபோனது. அந்த டிசம்பரில் மூடப்பட்ட பாத் நகரின் மோல்ஸ், ரேடியோஹெட், ஒயாசிஸ், பிளர் எல்லோரும் வாசித்த இடம்.

காரணம் எளிமையான கணக்கு. 150 பேர் டிக்கெட் வாங்கினாலும் ஒரு நிகழ்ச்சியின் செலவுக்குக் கட்டாது. பாரில் விற்கிற பீர்தான் துண்டு விழுவதை ஈடுகட்டும். மின்கட்டணமும் வாடகையும் ஏறி, ஜனங்க குடிப்பதும் குறைந்தால் முதலில் அடி வாங்குவது மேடைதான். இதோடு பிரெக்ஸிட். முன்பு வேனில் ஏறி டோவரைத் தாண்டினால் பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், பெர்லின் என்று வாசித்துக்கொண்டே போகலாம். 2021-க்குப் பிறகு 180 நாளில் 90 நாள் வரம்பு, கருவிகளுக்குச் சுங்கக் காகிதம், நாட்டுக்கு நாடு வேறு வேறு அனுமதி என்றாகிவிட்டது. கல்விக் கட்டணமோ 2012-இல் ஆண்டுக்கு 9,000 பவுண்டு வரை ஏறியது. வேலை இல்லாமல் இரண்டு வருஷம் பேண்ட் நடத்திப் பார்க்கிற வசதி, அப்பா அம்மாவிடம் பணம் இருப்பவர்களுக்கு மட்டும் என்று சுருங்கிவருகிறது.

'இண்டஸ்ட்ரி பிளான்ட்' என்ற வசை இந்தச் சந்தேகத்தில் முளைத்ததுதான். பெரிய கம்பெனி பின்னால் நின்று தயாரித்துவிட்டு, தானாக வளர்ந்த மாதிரிக் காட்டப்படும் பேண்ட் என்று அர்த்தம். தி லாஸ்ட் டின்னர் பார்ட்டிக்கு இந்தப் பட்டம் கட்டினார்கள். முதல் ஆல்பம் வருவதற்கு முன்பே ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் ஹைட் பார்க்கில் வாசித்ததும் ஒரு காரணம். ஆனால் அவர்களும் விண்ட்மில்லில் வாசித்து வந்தவர்களே. 2024-இல் 'பிரெலூட் டு எக்ஸ்டசி' முதலிடம் பிடித்த பிறகும் அந்தச் சந்தேகம் முழுசாகப் போகவில்லை. பெண்கள் நிறைந்த பேண்ட் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே கிடைத்தது என்று நினைக்கிறேன்.

தீர்வாகப் பேசப்படுவது ஒரு பவுண்டு. ஸ்டேடியம், பெரிய அரங்க டிக்கெட் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பவுண்டு எடுத்துச் சின்ன இடங்களுக்குக் கொடுப்பது. பிரான்ஸில் நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு 3.5% வரியே இருக்கிறது, அது இசைத் துறைக்கே திரும்புகிறது. பிரிட்டன் அரசு 2024 நவம்பரில், தாமாக முன்வந்து கொடுங்கள் என்ற அளவில் ஆதரித்தது. என்டர் ஷிகாரி, சாம் ஃபெண்டர் ஆகியோர் தங்கள் பயணங்களில் அதைச் செய்தார்கள். கோல்ட்பிளே 2025 வெம்ப்ளி, ஹல் நிகழ்ச்சிகளில் தங்கள் வருமானத்தில் 10 சதவீதத்தைக் கொடுப்பதாக அறிவித்தது. மறுபக்கம் ஒயாசிஸ் டிக்கெட் விற்பனையில், சுமார் 150 பவுண்டு என்றிருந்த நிற்கும் இடம், வரிசையில் காத்திருந்தவர்கள் உள்ளே போகும்போது 350-ஐத் தாண்டியிருந்தது. அப்படி ஏறிய 200 பவுண்டில் ஒரு பவுண்டைப் பிரித்துக் கொடுப்பதற்குத்தான் இத்தனை வருஷப் பேச்சுவார்த்தை.

விண்ட்மில் என்ன ஆனது? 2020 டிசம்பர் ஊரடங்கில் பிளாக் மிடியும் பிளாக் கண்ட்ரி நியூ ரோடும் ஒரே பேண்டாகச் சேர்ந்து, அங்கிருந்தே ஆன்லைன் நிகழ்ச்சி நடத்தி அதற்குப் பணம் திரட்டினார்கள். பப் தப்பித்தது. பிளாக் மிடி தப்பவில்லை, 2024-இல் கலைந்தது.

எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பாட்டுகளைக் கலைத்துப் போடும் ஷஃபிள் பட்டனை அணைத்துவிடுங்கள், இவை வரிசையாகக் கேட்க வேண்டிய ஆல்பங்கள். முதலில் வெட் லெக். 40 நிமிடத்துக்குள் முடிந்துவிடும், ஆபீஸ் போகிற மெட்ரோ பயணத்துக்கே போதும், நடுவில் ரெண்டு தடவை சிரிப்பீங்க. அடுத்து இங்கிலீஷ் டீச்சர். அதில் லங்காஷயரின் கோல்ன் என்ற சின்ன ஊரைப் பற்றிய பாட்டு ஒன்று இருக்கிறது, தன் ஊரை விட்டு வேலைக்காக வேறு ஊர் போனவர்கள் தனியாகக் கேட்பது நல்லது. ஒரு வார இறுதியில் நேரம் ஒதுக்கி 'ஆண்ட்ஸ் ஃப்ரம் அப் தேர்', அதற்கு அடுத்த நாளே 'லைவ் அட் புஷ் ஹால்'. 'ஷ்லாகன்ஹைம்' ஆல்பத்தைக் கடைசிக்கு வைங்க. முதல் பாட்டு பயங்கர இரைச்சல், அதைக் கேட்டே ஓடிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.