உரசாமல் பிறந்த உராய்வு

ஒரகடத்தில் ஷிப்டு விடும் நேரம். பைக் கூட்டத்துக்குள் கண்டெய்னர் டிரெய்லர் ஒன்று புகுந்து போவதைப் பாருங்கள். வழிவிட்டு ஒதுங்கிய பைக்குகளெல்லாம் அது கடந்ததும் அதன் பின்னாலேயே வந்து அடைந்துகொள்ளும். அந்தக் கூட்டத்தால் டிரெய்லரைப் பின்னுக்கு இழுக்க முடியாது. தன் ஊடே போகும் நட்சத்திரத்தை நட்சத்திரக் கூட்டத்தால் இழுக்க முடியும், ஈர்ப்பு இருக்கிறதே! ஒன்றையொன்று தொடாமலே நடக்கும் இந்த இழுவையைக் கணக்கில் பிடித்தவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர்.

1935இல் லண்டன் கூட்டமொன்றில் வெள்ளைக்குள்ளன் நட்சத்திரங்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சியை வானியலாளர் எடிங்டன் எல்லோர் முன்னாலும் கேலி செய்தார். பிற்காலத்தில் கருந்துளைக்கு வழிகாட்டிய ஆராய்ச்சி அது. சந்திரசேகர் அதை 1939இல் புத்தகமாக எழுதி முடித்துவிட்டு, நட்சத்திரக் கொத்துகளின் பக்கம் திரும்பினார்.

அங்கே ஒரு சிக்கல். கொத்துக்குள் ஓடும் நட்சத்திரத்தை அக்கம்பக்கத்து நட்சத்திரங்கள் நாலாபுறமும் இழுக்கின்றன. சிறுசிறு இழுப்புகள்தான். ஆனால் கூட்டிக்கொண்டே போனால் வேகம் ஏறிக்கொண்டே போகும். சீக்கிரமே கொத்து கலைந்துவிட வேண்டும். கார்த்திகைக் கொத்தோ இன்னும் கொத்தாகத்தான் நிற்கிறது. அப்படியென்றால் வேகத்தைக் குறைக்கவும் ஏதோ ஒன்று வேண்டும்.

துப்பு, தண்ணீரில் அலையும் தூசியைப் பற்றி 1905இல் ஐன்ஸ்டைன் எழுதியதில் இருந்தது. தூசியைத் தள்ளிவிடும் மூலக்கூறுகளேதான் அதைத் தடுக்கவும் செய்கின்றன. நட்சத்திரத்துக்கும் அதே நியாயம்தான் என்றார் சந்திரசேகர். 1943இல் மூன்று கட்டுரைகள். பெயர், இயங்கியல் உராய்வு.

ஓடும் பொருளின் எடை இருமடங்கானால் இழுவை நான்கு மடங்கு. சூரியன் அளவு நட்சத்திரத்துக்கு இது பெரிய விஷயமில்லை. கோடிக்கணக்கான சூரியன்களின் எடையுள்ள கருந்துளைக்கோ தப்ப வழியில்லை: தன் வேகத்தைச் சுற்றியுள்ள நட்சத்திரங்களுக்குக் கொடுத்துவிட்டு, கேலக்ஸியின் நடுவுக்கு இறங்கிவிடும். இரண்டு கேலக்ஸிகள் கலந்தால் இரண்டு கருந்துளைகளும் இறங்கி ஜோடி சேரும். அதற்குமேல் உராய்வு பெரிதாக எடுபடாது. பக்கத்தில் வரும் நட்சத்திரங்களைக் கவண்கல்லாக வீசியெறிந்துதான் ஜோடி இன்னும் நெருங்க வேண்டும். வீசி வீசி நடுப்பகுதியே வெறிச்சோடிப்போகும். இந்தக் கதையை 1980இல் பெகல்மன், பிளாண்ட்ஃபோர்ட், ரீஸ் என்ற விஞ்ஞானிகள் மூவரும் எழுதினார்கள்.

சந்திரசேகர் 1995இல் காலமானார். 1999இல் விண்ணுக்குப் போன எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கிக்கு நாசா 'சந்திரா' என்று பெயர் வைத்தது. என்ஜிசி 6240 என்ற ஒரே கேலக்ஸிக்குள், சுமார் 3,000 ஒளியாண்டு இடைவெளியில் ஒன்றையொன்று நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் இரண்டு ராட்சதக் கருந்துளைகளை 2002இல் காட்டியது அந்தத் தொலைநோக்கிதான்.