சுமந்தவளைக் கேட்டவர் யார்?

கொங்கையின் பாரம் தாங்காது இடை ஒடிந்துவிடும் என்று பாடிப் பாடிக் களித்தனர் புலவர் பெருமக்கள். இடை ஒடியவில்லை, ஒடிந்தது முதுகு! கழுத்திலே தீராத வலி, தோளிலே உள்ளாடைப் பட்டை பதித்த பள்ளம், மார்பின் அடியிலே வியர்வையால் வெந்த புண் – இவை அவர்தம் கண்ணுக்குப் படவேயில்லை.

மருத்துவராவது கண்டனரா? ஏழாம் நூற்றாண்டிலேயே, கிரேக்க மருத்துவர் ஏஜினாத் தீவின் பவுல், பெருத்த மார்பை அறுத்துக் குறைக்கும் முறையை எழுதி வைத்தார். பிறை வடிவிலே கீறிக் கொழுப்பை எடுத்துத் தைக்க வேண்டுமாம். யாருக்கு? ஆணுக்கு! ஆண்மகன் பெண்போல் தோன்றுவது இழிவென்று கருதினர். அந்த இழிவைத் துடைக்கக் கத்தி கிடைத்தது. பாரம் சுமந்தவளுக்கோ, மேலும் ஓராயிரம் ஆண்டுக்கு மேல் காத்திருப்பு!

1669-இல், இங்கிலாந்தின் பிளிமத் நகரிலே ஓர் இளம்பெண்ணின் மார்பகங்கள் திடீரென வீங்கின. சில மாதங்களில் மாண்டாள். மாண்டபின் ஒன்றை அறுத்து நிறுத்துப் பார்த்தனர்: 64 பவுண்டு! இலண்டன் அறிவியல் ஏட்டிலே அது அதிசயச் செய்தியாக வெளிவந்தது.

1897-இல் பிரெஞ்சு மருத்துவர் பூசோன், மார்பின் மேற்புறத்திலே சதையை நீக்கி, எஞ்சியதைத் தசையோடு பிணைத்து உயர்த்தினார். 1922-இல் சிகாகோவின் தோரெக், காம்பைத் தனியே எடுத்துப் புதிய இடத்தில் ஒட்டினார். பாரம் குறைந்தது, பாலூட்டும் வழி அடைபட்டது.

அந்நாளிலேதான் பாரிசில் கத்தி பிடித்தார் ஒரு பெண், சூசான் நோயல். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரருக்குச் சிகிச்சை செய்த கை அது. பெண்ணுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடியவரும் அவரே. இத்தகைய சிகிச்சை சீமாட்டிகளின் சிங்காரம் என்று சிரித்தவருக்கு, 1926-இல் அவர் எழுதிய நூல் விடையாயிற்று: தோற்றத்தைக் காரணம் காட்டிப் பெண்ணின் வேலையைப் பறிக்கும் சமுதாயத்தில், இது பிழைப்புப் பிரச்சினை! அவர் நாட்டிலே பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944-இல்தான்.

பின்னர் முறைகள் திருந்தின. 1956-இல் அமெரிக்கரான வைஸ், உள்ளாடை தைப்பவரின் வெட்டுப்படிவத்தைப் பார்த்தே வெட்டுக்கோடு வரைந்தார். தையற்காரரிடம் பாடம் கேட்பதில் தாழ்வென்ன? 1960-இல் சுவீடனின் ஸ்ட்ரோம்பெக், காம்பை அறுத்தெடுக்காமல், இரத்தக் குழாய் ஓடும் சதைப் பாலத்தோடே நகர்த்தினார். 1990-களில் பிரசல்சு மருத்துவர் மதலேன் லெழூர் என்ற பெண்மணி, குறைந்த தழும்போடு செய்யும் செங்குத்து முறையைப் பரப்பினார்.

உயர்த்தல் வேறு, குறைத்தல் வேறு. தொய்ந்த தோலை மட்டும் நீக்கி வடிவமைப்பது முன்னது. எடை அப்படியே இருக்கும். சுரப்பியையும் கொழுப்பையும் வெட்டி எடுப்பது பின்னது. வலி தணிவது இதனால்தான். இரண்டிலும் தழும்பு உண்டு. உணர்ச்சி குன்றலாம், தாய்ப்பால் குறையலாம். பிள்ளை பெற விரும்புவோர் முன்பே மருத்துவரைக் கேட்டறிய வேண்டும்.

செலவை யார் ஏற்பது? 1991-இல் அமெரிக்க மருத்துவர் ஷ்னர், உடலின் பரப்பளவையும் நீக்கிய சதையின் எடையையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை வெளியிட்டார். காப்பீட்டுக் குழுமங்கள் அதைப் பற்றிக்கொண்டன: இத்தனை கிராம் தேறினால் நோய், தேறாவிட்டால் ஒப்பனை! 1999-இல் ஷ்னரே அதன் பயன்பாட்டை மறுபரிசீலனை செய்து எழுதினார். தராசை அவர்கள் கீழே வைக்கவில்லை.