1959 கேரள ஆட்சிக் கலைப்பு: சிஐஏ பணம் வந்தது உண்மையா?

கேரளாவின் தென்கோடிக் கடற்கரைக் கிராமம் பொழியூர். அதை ஒட்டினாற்போல் தமிழ்நாட்டின் நீரோடி. பொழியூரிலிருந்து கடலோரமாக வடக்கே போனால், பூவார் தாண்டி புல்லுவிளை வரும். 1959 ஜூன் 15-ல் அந்தப் புல்லுவிளையிலும், திருவனந்தபுரத்தை ஒட்டிய வெட்டுக்காட்டிலும் போலீஸ் சுட்டதில் 5 பேர் இறந்தார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு அங்கமாலியில் 7 பேர். ஜூலை 3-ல் செறியதுறையில் 3 பேர். அதில் ஒருவர் ஃபுளோரி என்ற கர்ப்பிணி மீனவப் பெண்.

ஜூலை 31-ல் கேரளாவின் முதல் அரசு கலைக்கப்பட்டது. அந்தக் கலைப்புக்குப் பின்னால் அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏ இருந்தது என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். இதில் எதுவரை உண்மை?

எதற்காகப் போராட்டம்?

1957 தேர்தலில் 126 இடங்களில் 60-ஐப் பிடித்த இந்திய கம்யூனிஸ்ட் கட்சி, சுயேச்சைகள் ஆதரவோடு ஏப்ரல் 5-ல் பதவியேற்றது. முதல்வர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடு. கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த சட்டம் தனியார் பள்ளி நிர்வாகங்களின் கையைக் கட்டியது. கத்தோலிக்க திருச்சபையும் மன்னத்து பத்மநாபன் தலைமையிலான நாயர் சமூக அமைப்பும் எதிர்த்து நின்றன. நில உறவுச் சட்டம் வந்ததும் நிலக்கிழார்களும் சேர்ந்துகொண்டார்கள். காங்கிரஸ், முஸ்லிம் லீக் எல்லாம் ஒரே மேடை. 1959 ஜூன் 12-ல் 'விமோசன சமரம்', அதாவது விடுதலைப் போராட்டம், தொடங்கியது.

பணம் பற்றி யார் சொன்னது?

கம்யூனிஸ்ட்டுகள் அப்போதே குற்றம்சாட்டினார்கள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1978-ல் வந்த ஒரு புத்தகம்தான் நிலைமையை மாற்றியது. எழுதியவர் டேனியல் பேட்ரிக் மொய்னிஹன். 1973 முதல் 1975 வரை டெல்லியில் அமெரிக்கத் தூதராக இருந்தவர், சும்மா வதந்தி பேசுகிறவர் அல்ல. இந்திய அரசியலில் அமெரிக்கா இரண்டு முறை ஒரு கட்சிக்குப் பணம் கொடுத்தது என்று அவர் எழுதினார்: ஒன்று கேரளாவுக்காக, மற்றொன்று மேற்கு வங்கத்துக்காக. இரண்டு முறையும் வாங்கியது காங்கிரஸ். அதிலும் ஒரு முறை, அப்போது கட்சிப் பொறுப்பில் இருந்த இந்திரா காந்தியிடமே கொடுக்கப்பட்டதாம். இந்திரா அதை மறுத்தார். கேரள ஆட்சி கலைக்கப்பட்டபோது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் அவர்தான் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் காலத்தில் தூதராக இருந்த எல்ஸ்வொர்த் பங்கரும் பிற்காலத்தில், வாய்மொழி வரலாற்றுப் பதிவு ஒன்றில், காங்கிரஸுக்குப் பணம் போனதை ஒப்புக்கொண்டார்.

இப்படித்தான் செய்வார்களா?

ஈரானில் 1953-ல் மொசாதெக் அரசையும், குவாத்தமாலாவில் 1954-ல் அர்பென்ஸ் அரசையும் சிஐஏ கவிழ்த்தது. 1948-லேயே வாஷிங்டன் இதற்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தது: மாட்டிக்கொண்டால், 'எங்களுக்குத் தெரியாது' என்று அரசு நம்பும்படி மறுக்க முடிய வேண்டும். அதனால்தான் இம்மாதிரி விஷயங்கள் 20, 30 வருடம் கழித்து, ஓய்வுபெற்றவர்களின் வாயிலிருந்து வெளியே வருகின்றன. ஈரான் கவிழ்ப்பில் தன் பங்கைக் காட்டும் ஆவணங்களை சிஐஏ வெளியிட 2013 வரை ஆனது.

கேரளம் தனி நாடு அல்ல. அமெரிக்கா உறவைக் கெடுத்துக்கொள்ள விரும்பாத ஒரு நாட்டின் மாநிலம். ராணுவத்தைத் தூண்டிவிட வழியில்லை, அவசியமும் இல்லை. ஆட்சியைக் கலைக்கும் அதிகாரம் டெல்லியிடமே இருந்தது. அரசியல் சட்டத்தின் 356-வது பிரிவு, நேரு அமைச்சரவையின் பரிந்துரை, குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்தின் கையெழுத்து. இதில் ரகசியம் எதுவும் இல்லை.

அப்படியானால் போராடியவர்கள் காசுக்கு வந்தவர்களா?

இல்லை. இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். இரண்டு தூதர்களும் ஒப்புக்கொண்டது கட்சிக்குப் போன பணத்தை. மொய்னிஹன் சொல்வது தேர்தல் வெற்றியைத் தடுக்கத் தந்த பணம். தெருவில் இறங்கிய கூட்டத்துக்கு கூலி கொடுத்ததாக இருவருமே சொல்லவில்லை. பள்ளியும் கோயிலும் பறிபோகும் என்ற பயம் கடற்கரை மக்களிடம் நிஜமாகவே இருந்தது. புல்லுவிளையில் செத்தவர்களை சிஐஏ கணக்கில் எழுதினால், சுட்டது கேரள போலீஸ் என்பது மறைந்துபோகும். பணம் வரவே இல்லை என்றால், அமெரிக்கத் தூதர்களே சொன்னதை மறைப்பதாகும். இரண்டுமே கட்சிக்காரர்களுக்கு வசதியான பாதிக் கதைகள்.

1960 பிப்ரவரியில் மறுதேர்தல் வந்தது. காங்கிரஸ், பிரஜா சோஷலிஸ்ட், முஸ்லிம் லீக் மூன்றும் கூட்டுச் சேர்ந்தன. கம்யூனிஸ்ட் கட்சியின் வாக்கு சுமார் 35 சதவீதத்திலிருந்து 39 சதவீதமாக ஏறியது. இடங்கள் 60-லிருந்து 29 ஆகச் சரிந்தன. முதல்வரானவர் பட்டம் தாணு பிள்ளை.