அடிநாதமும் அம்பிளிபயரும்



திருகோணமலைத் துறைமுகத்தின் அருகே வாழ்வோர் ஓர் உண்மையை நன்கறிவர். பெருங்கப்பலொன்று சங்கு ஊதும்போது அதன் ஒலி காதோடு நின்றுவிடுவதில்லை. யன்னற் கண்ணாடியும் அதிரும், நெஞ்சும் அதிரும். தாழ்ந்த நாதத்துக்கு அத்தகைய வலிமை உண்டு. மேனாட்டு இசைக்குழுக்களில் இவ்வடிநாதத்தைத் தருபவை இரண்டு கருவிகள். ஆளுயரத்துக்கு மேலாக நிமிர்ந்து நிற்கும் டபிள் பேஸ் ஒன்று. தோளிலே தொங்கவிட்டு வாசிக்கும் மின் பேஸ் கிட்டார் மற்றொன்று. இவ்விரண்டுக்கும் பொதுவாக ஓர் அம்பிளிபயரை, அதிலும் ஒலிபெருக்கிப் பெட்டியிலிருந்து தனித்து நிற்கும் ‘ஹெட்’ எனப்படும் மின்பெருக்கியை, எவ்வாறு தேர்வது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இப்பொருள் என்னைத் தேடி வந்த வரலாற்றை முதலிற் கூறிவிடுகிறேன். எங்கள் பாடசாலையில் பழைய டபிள் பேஸ் ஒன்று உண்டு. அண்மையிற் பழைய மாணவர் ஒருவர் மின் பேஸ் ஒன்றையும் அன்பளித்தார். பரிசளிப்பு விழாவிலே இரண்டையும் ஒரே அம்பிளிபயரில் மாறி மாறி இணைத்தோம். மின் பேஸ் முழங்கியது; டபிள் பேஸோ ஊளையிட்டது. மறுநாள் மாணவர் சிலர் என்னிடம் வந்து, “சேர், பழையதை மூலையில் வைத்துவிடுவோம். சேர்ந்திருக்கும் பணத்தில் மின் பேஸுக்கு நல்ல அம்பிளிபயர் ஒன்று வாங்குவோம்” என்றனர். அந்தப் பழைய கருவியை இரண்டாண்டுகளாக விரல் தேயப் பயின்ற மாணவியும் அவர்கள் பின்னே நின்றாள். அவள் ஒன்றும் பேசவில்லை. “ஒரு வாரம் பொறுங்கள், பிள்ளைகள்” என்று சொல்லி அவர்களை அனுப்பினேன்.

நான் கலைப் பட்டதாரி, மின்னியல் கற்றவனல்லன். ஆயினும், ஒரு பொருளின் இயல்பை அறிய விரும்பினால் அது பிறந்த கதையைக் கேட்கவேண்டும் என்பது நான் மாணவருக்குக் கற்பிக்கும் பாடம். ஆகவே அக்கதையைத் தேடலானேன்.

இவ்வூருக்கு மேனாட்டிசை புதியதன்று. போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர் வயலினும் கிட்டாரும் கொண்டு கப்ரிஞ்ஞா ஆடிய ஊர் இது. பிரித்தானியக் கடற்படை 1957ஆம் ஆண்டு வரை இத்துறைமுகத்தைத் தன் தளமாகக் கொண்டிருந்தது. இரண்டாம் உலகப்போரின் இறுதிக் காலத்திலே கொழும்பிலிருந்து நேசநாட்டுப் படையினருக்காக ஒலிபரப்பிய ‘ரேடியோ சீக்’ நிலையம் நடன இசையைக் கடல் கடந்தும் பரப்பிற்று. 1949இல் அந்நிலையம் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. பின்னர் ஈழத்துத் தமிழ்ப் பொப்பிசை தழைத்த நாள்களில் இவ்வூர்ச் சகோதரர்களாகிய பரமேசும் கோணேசும் நாடறிந்த இசைக்கலைஞராயினர்.

அக்காலத்து வானொலிப் பெட்டியில் டபிள் பேஸின் நாதத்தைக் கேட்டு மகிழ்ந்தோர் பலர். ஆனால் அதன் மிகத் தாழ்ந்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்வது. சிறிய வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கி அவ்வதிர்வைச் செவ்வனே எழுப்ப வல்லதன்று. அந்நாதத்தோடு பிறக்கும் மேற்சுரங்களே நம் காதை எட்டின. அடிநாதத்தை நம் மூளையே நிரப்பிக்கொண்டது. 41 அதிர்வுள்ள ஒலியலையின் நீளம் எட்டு மீற்றருக்கும் சற்று அதிகம். அதனை ஒரு மண்டபம் நிறைய எழுப்புவதற்குப் பெருமளவு காற்றை அசைக்கவேண்டும். பேஸுக்கென்று தனி அம்பிளிபயர் வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

இனி, அத்தகைய அம்பிளிபயர் பிறந்த கதையைப் பார்ப்போம். அமெரிக்காவிலே பித்தளை வாத்தியங்களும் முரசுகளும் ஓங்கி ஒலித்த நடனக் குழுக்களில் டபிள் பேஸ் வாசிப்போரின் உழைப்பு சபையோரின் காதை எட்டவில்லை. எவரெட் ஹல் என்பவர் தாமே ஒரு பேஸ் கலைஞர். டபிள் பேஸின் அடியிலே அதனை நிலத்தில் ஊன்றும் ஆணி ஒன்று உண்டு. அவ்வாணியின் வழியே ஓர் ஒலிவாங்கியைக் கருவியின் வயிற்றுக்குள் நிறுத்தி, அதற்கேற்ற அம்பிளிபயரையும் அவர் உருவாக்கினார். 1946ஆம் ஆண்டளவில் நிகழ்ந்தது இது. ‘அம்பிளிபைட் பெக்’, அஃதாவது ஒலிபெருக்கிய ஆணி, என்ற பெயரே சுருங்கி ‘ஆம்பெக்’ என்ற நிறுவனப் பெயராயிற்று.

மின் பேஸின் வரலாறு வேறு. சியாற்றில் நகரத்துப் போல் டுட்மார்க் 1930களிலேயே கிட்டார் போன்று கிடையாகப் பிடித்து வாசிக்கும் மின் பேஸ் ஒன்றை ஆக்கினாராயினும் அது பரவவில்லை. 1951இல் லியோ ஃபென்டர் வெளியிட்ட ‘பிரிசிஷன் பேஸ்’ என்பதே உலகை வென்றது. அதற்குத் துணையாக ‘பேஸ்மன்’ என்னும் அம்பிளிபயரும் அடுத்து வந்தது. 1960இல் ஆம்பெக் நிறுவனத்து ஜெஸ் ஒலிவர் அமைத்த ‘போர்ட்டாபிளெக்ஸ்’ அம்பிளிபயரின் தலைப்பகுதியைக் கவிழ்த்து ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளேயே வைத்துக் கொண்டுசெல்லலாம். பின்னர் 1969இல் 300 வாட் வலுவும் பதினான்கு வால்வுகளும் கொண்ட ‘எஸ்.வி.டி.’ வந்தது. விளையாட்டரங்குகளை நிறைத்த அப்பேரொலி மின் பேஸுக்கே உரியது. டபிள் பேஸ் கலைஞர் நாடியதோ மற்றொரு வழி. 1970களில் வால்ற்றர் வூட்ஸ் என்பவர் கையிலே தூக்கிச் செல்லத்தக்க இலேசான அம்பிளிபயர் தலைகளைச் செய்தபோது, அவற்றை விரும்பி ஏற்றோருள் அவர்களே முன்னின்றனர்.

நேயர்களே, இக்கதையிலே எனக்கு விடை கிடைத்தது. ஆம்பெக்கின் பேஸ் அம்பிளிபயர் பிறந்தது டபிள் பேஸுக்காகவே. மூத்தவளின் தேவைக்குப் பிறந்ததை இளையவளுக்கு ஏற்ப மாற்றிவிட்டு, மூத்தவளையே குற்றம் சொல்வது முறையாகுமா? எங்கள் விழாவிலே பிழைத்தது கருவியன்று. நாம் இணைத்த வகையே.

அப்பிழை யாதென விளக்குகிறேன். மின் பேஸின் பிக்கப் காந்தத்தாலும் செப்புக்கம்பிச் சுருளாலும் ஆனது. டபிள் பேஸின் குதிரையில் இன்று பொருத்தப்படும் பிக்கப் பெரும்பாலும் அழுத்தத்தால் மின்னை எழுப்பும் படிகம். 1880இல் பிரான்சு நாட்டுக் கியூரி சகோதரர் கண்டறிந்த தத்துவம் அது. அப்படிகத்திலிருந்து வரும் மின்குறி மிக மெலிந்தது. அதனை ஏற்கும் அம்பிளிபயரின் நுழைவாயில் ஒரு மெகா ஓம், கூடுமாயின் அதற்கும் பன்மடங்கான தடங்கல் உடையதாக இருத்தல் வேண்டும். தடங்கல் குறைந்தால் அடிநாதம் வழியிலேயே வடிந்துவிடும். எஞ்சுவது கீச்சிடும் ஒலியே. மேலும், டபிள் பேஸ் ஒரு வெற்றுப் பெட்டி. ஒலிபெருக்கியின் ஒலி அதன் உடலை அதிரச் செய்ய, அவ்வதிர்வு மீண்டும் பிக்கப்பை அடைந்து வட்டமிடும். நாம் கேட்ட ஊளை அதுவே.

ஆகவே இரண்டு கருவிக்கும் ஒரே தலையைத் தேர்வோர் முதலில் வாட் கணக்கைக் கேட்கவேண்டாம். வலுவை இருமடங்காக்கினாலும் ஒலியளவு மூன்று டெசிபெல் மட்டுமே கூடும். கேட்கவேண்டியவை வேறு. படிகப் பிக்கப்புக்கு ஏற்ற உயர் தடங்கல் நுழைவாயில் உண்டா? இரு கருவிகளையும் ஒருங்கே இணைத்து, ஒவ்வொன்றின் சுரவளத்தையும் தனித்தனியே சீர்செய்ய இரண்டு வழிகள் உண்டா? மிகத் தாழ்ந்த வேண்டாத அதிர்வுகளை வடிகட்டும் அமைப்பு உண்டா? ஒலியலையின் ஏற்றத்தை இறக்கமாகத் திருப்பி ஊளையைத் தணிக்கும் பொத்தான் உண்டா? இறுதியாக, ஒலிபெருக்கிப் பெட்டியின் ஓம் அளவு அதற்குப் பொருந்துமா? எட்டு ஓம் பெட்டிகள் இரண்டைப் பக்கவிணைப்பிற் சேர்த்தால் மொத்தம் நான்கு ஓம் ஆகும். அதற்குக் கீழே இறங்கினால் பல அம்பிளிபயர்கள் தாங்கமாட்டா.

ஒரு வாரம் கழிந்தது. மாணவரை அழைத்து இவ்வினாக்களைக் கரும்பலகையில் எழுதினேன். வலு மிகுந்த பெரியதொன்றை அவர்கள் முன்பே பார்த்து வைத்திருந்தனர். அதற்கு ஒரே நுழைவாயில், வடிகட்டியும் இல்லை. அதைவிட வலு குறைந்த, ஆனால் இவ்வினாக்கள் அனைத்துக்கும் ‘ஆம்’ என்று விடை தந்த சிறிய தலையொன்றை அவர்களே தேர்ந்தெடுத்தனர்.

அடுத்த ஒத்திகையன்று ஒலிபெருக்கியை டபிள் பேஸுக்குச் சற்று விலக்கி, வேறு திசை நோக்கி வைத்தோம். அம்மாணவி மிகத் தாழ்ந்த தந்தியை விரலால் மெல்ல இழுத்தாள். மண்டபத்து யன்னற் கண்ணாடி அதிர்ந்தது. பழையதை மூலையில் வைக்கச் சொன்ன மாணவனே மின் பேஸைத் தோளிலிருந்து இறக்கிவிட்டு, “இன்னொருமுறை வாசியும், அக்கா” என்றான்.

பழையதும் புதியதும் ஒரே வாயிலால் நுழையவேண்டும் என்று நாம் வற்புறுத்தும்போது ஒன்று ஊமையாகிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் அதற்கேற்ற வாயிலைத் திறந்துவிட்டால் இரண்டும் ஒரே மேடையிற் பாடும்.