ஷெரீப்பைக் கண்காணிக்கப் பிறந்த பதவி

ராபின் ஹூட் கதைப்பாடல்களை அறிந்தவர்களுக்கு நாட்டிங்ஹாம் ஷெரீப்பை மறப்பது கடினம். அக்கதைகளில் மன்னன் இறுதியில் ராபினை மன்னிக்கிறான். ஷெரீப்புக்கோ மன்னிப்பே இல்லை. நாட்டை ஆண்ட மன்னனை விடுத்து, அவனுடைய அலுவலர் ஒருவனை மக்கள் ஏன் இத்தனை வெறுத்தார்கள்? இக்கேள்விக்கான விடை இங்கிலாந்தின் கவுண்ட்டி நிர்வாக வரலாற்றில் இருக்கிறது.

'ஷயர்' என்பது நாடு பகுக்கப்பட்ட பெரும் பிரிவு; 'ரீவ்' என்பவன் அதன் காரியக்காரன். இவ்விரு சொற்களும் இணைந்து தேய்ந்ததே 'ஷெரீப்'. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஷயர், கவுண்ட்டி என்றும் வழங்கப்பட்டது. ஷெரீப்பின் கை மேலும் ஓங்கியது. வரி வசூல், நீதிமன்றம், சிறை, படைதிரட்டல் அனைத்தும் அவன் பொறுப்பு. அவன் மன்னனுக்கு ஆண்டுதோறும் குறித்த தொகையைச் செலுத்த வேண்டும். அதற்குமேல் வசூலாவது அவனுக்கே. நம் வழக்கில் சொல்வதானால், ஆட்சியே குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைதாரன் நிலத்தைப் பிழிவதுபோல் ஷெரீப் மக்களைப் பிழிந்தான்.

இது மன்னர்களுக்குத் தெரியாததன்று. 1170இல் இரண்டாம் ஹென்றி ஷெரீப்புகள்மீது நாடு தழுவிய விசாரணை நடத்திப் பெரும்பாலோரைப் பதவியிலிருந்து நீக்கினான். ஆனால் ஆளை மாற்றினால் போதாது, அமைப்பையே மாற்ற வேண்டும் என்ற தெளிவு 1194இல்தான் வந்தது. சிறைப்பட்டிருந்த முதலாம் ரிச்சர்டை மீட்கப் பெரும்பொருள் கொடுத்து அரசின் கருவூலம் வற்றியிருந்த நேரம் அது. ஒவ்வொரு கவுண்ட்டியிலும் மூன்று வீரப்பெருமக்களும் ஓர் எழுத்தரும் தேர்ந்தெடுக்கப்பட்டு, மன்னனுக்குரிய வழக்குகளைப் பதிவுசெய்து காக்க வேண்டும் என ஆணை பிறந்தது. கிரீடத்தைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து அவர்களுக்குக் 'கொரோனர்' என்ற பெயர் அமைந்தது. நீதிபதிகள் ஊருக்கு வரும்போது ஷெரீப்பின் சுருளையும் கொரோனரின் சுருளையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஒருவர் மறைத்தது மற்றவர் ஏட்டில் வெளிப்பட்டுவிடும். 1215இன் மாக்னா கார்ட்டா, மன்னனுக்குரிய வழக்குகளை ஷெரீப்போ கொரோனரோ விசாரிக்கலாகாது என்றும் தடுத்தது.

கொரோனரின் வேலைகளுள் நமக்கு இன்று முதன்மையாகத் தோன்றுவது மரண விசாரணை. அன்று அதுவும் வருவாய் சார்ந்ததே. குற்றவாளியின் உடைமை மன்னனுக்குச் சேரும்; தற்கொலை செய்தவனின் உடைமையும் சேரும். ஒருவன்மேல் ஏறிக் கொன்ற வண்டியும் குதிரையும்கூட மன்னனுக்கே. இந்த விந்தையான சட்டம் 1846வரை நீடித்தது. எனினும் பிணத்தை நேரில் பார்த்து, அக்கம்பக்கத்தாரைக் கூட்டி, 'இவர் எப்படி இறந்தார்?' எனக் கேட்கும் சடங்கு நிலைபெற்றுவிட்டது. காசுக்காகக் கேட்கப்பட்ட கேள்வி காலப்போக்கில் நீதிக்கான கேள்வியாயிற்று. ஹாம்லெட்டில் குழிவெட்டுவோர் இருவர் ஒஃபீலியாவின் மரணத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் கொரோனர் சட்டத்தைத்தான் கேலி செய்கிறார்கள். இலங்கைத் தமிழ் நாளேடுகளில் இன்றும் காணும் 'திடீர் மரண விசாரணை அதிகாரி' என்ற தொடரும் இம்மரபின் வழிவந்ததே.

ஷெரீப்பின் அதிகாரம் 14ஆம் நூற்றாண்டில் மேலும் கரைந்தது. 1361ஆம் ஆண்டுச் சட்டம் அமைதி நீதிபதிகள் என்போரை நிலைநிறுத்தியது. ஊதியம் பெறாத நிலவுடைமையாளர்களான இவர்கள் ஆண்டுக்கு நான்குமுறை கூடி வழக்குகளைத் தீர்த்தார்கள். பின்னர்ப் பாலம், ஏழையர் நிவாரணம், மதுக்கடை உரிமம் எனப் பல பொறுப்புகளும் அவர்களிடம் சேர்ந்தன. 'நான்காம் ஹென்றி' இரண்டாம் பாகத்தில் பழம்பெருமை பேசித் திரியும் ஷாலோ இவ்வகையினர். 1888ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்ட்டி மன்றங்கள் வந்தபோதே நிர்வாகம் இவர்கள் கையிலிருந்து நழுவியது.

இப்பதவிகள் குடியேறியவர்களோடு கடல் கடந்தன. 1634இல் வர்ஜீனியா எட்டு ஷயர்களாகப் பிரிக்கப்பட்டது. இன்றைய அமெரிக்கக் கவுண்ட்டியில் சொத்தை மதிப்பிடுபவர் ஒருவர், வரியை வாங்கி வைப்பவர் மற்றொருவர், கணக்கைத் தணிக்கை செய்பவர் இன்னொருவர், பத்திரங்களைப் பதிபவர் வேறொருவர் எனப் பணிகள் பிரிந்துகிடப்பதைப் பல இடங்களில் காணலாம். பெரும்பாலான மாநிலங்களில் ஷெரீப் மக்கள் வாக்கால் வருபவர். இத்தனை பதவிகள் எதற்கு என்று அயலார் வியக்கலாம். ஒரு கையை மற்றொரு கை கண்காணிக்க வேண்டும் என்ற பழைய அச்சமே இதன் அடிப்படை எனலாம்.

அந்த அச்சத்தை மறந்தால் என்னாகும் என்பதற்குக் கலிபோர்னியா சான்று. அங்குள்ள 58 கவுண்ட்டிகளில் பெரும்பாலானவற்றில் ஷெரீப்பே கொரோனராகவும் இருக்கிறார். செலவு மிச்சம் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். ஷெரீப்பின் சிறையில் ஒருவர் இறந்தால், ஷெரீப்பின் காவலர் சுட்டு ஒருவர் இறந்தால், அம்மரணத்தின் தன்மையை முடிவு செய்பவரும் அதே ஷெரீப். 2017இல் சான் ஹோக்கின் கவுண்ட்டியில் பிணக்கூறு மருத்துவர் இருவர், தங்கள் முடிவுகளில் ஷெரீப் தலையிடுவதாகக் குற்றஞ்சாட்டி விலகினார்கள். ஷெரீப் அதை மறுத்தார். 2018இல் கவுண்ட்டி நிர்வாகக் குழு இரு பதவிகளையும் பிரித்துத் தனி மருத்துவ விசாரணை அலுவலகம் அமைக்க வாக்களித்தது. 1194இல் செய்ததை எண்ணூறு ஆண்டுகளுக்குப்பின் மீண்டும் செய்ய வேண்டியிருந்தது.

நமக்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. சென்னைக்கும் ஒரு ஷெரீப் இருந்தார். 1726ஆம் ஆண்டுச் சாசனத்தால், மேயர் நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்ற வந்த அப்பதவி, வெறும் அலங்காரப் பதவியாகத் தேய்ந்து 1998இல் மறைந்தது. மாவட்டங்களின் கதையோ எதிர்த்திசையில் நடந்தது. தாமஸ் மன்றோவின் பரிந்துரைப்படி 1816இல் வந்த விதிகள், வரி வசூலித்த கலெக்டரிடமே மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் காவல் மேற்பார்வையையும் ஒப்படைத்தன. இங்கிலாந்து நெடுங்காலம் முயன்று பிரித்த அதிகாரங்களை ஆங்கிலேயர் இங்கே ஒரே நாற்காலியில் அமர்த்தினார்கள். தன் குடிமக்களுக்கு எது ஆபத்து என்று ஓர் அரசு அறிந்திருந்ததோ, அதையே தான் ஆண்ட மக்களுக்கு வசதி என்று அளித்தது.

பதவிகளின் வரலாறு சலிப்பூட்டுவது என்று ஒதுக்கும் இலக்கிய வாசகர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். காவலில் ஒருவர் இறந்தார் என்ற செய்தியை நாளேட்டில் படிக்கும்போது, அம்மரணத்தை விசாரிப்பவர் யார், அவர் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்று கேட்க அந்த வரலாறே நமக்குக் கற்றுத்தருகிறது.